கோழிகள் இறகு உதிர்க்கும் காலமும் அப்போது செய்யவேண்டிய பராமரிப்பும்

கிராமங்களில் வீட்டுக்கு வீடு வளர்க்கப்படும் நாட்டுக்கோழி, ஆண்டுக்கொருமுறை தன் பழைய இறகுகளைக் கழித்துப் புதிய இறகுகளைப் பூணுவது இயற்கை. அக்காலத்தில் அது முட்டையிடுவதை நிறுத்திவிடும். கொண்டை சுருங்கி வெளுக்கும். கழுத்தும் முதுகும் மொட்டையாகிப் பார்வைக்கு அருவருப்பான தோற்றத்தை அடையும். இத்தோற்றத்தைக் கண்ட குடியானவர்களில் பலர், கோழிக்கு ஏதோ வியாதி கண்டதென்று பயந்து அதனை வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள், அல்லது அறுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், முட்டையிடாத கோழிக்குத் தீனி எதற்கென்று எண்ணி, அது மேய்ந்து தின்றதே போதுமென விட்டுவிடுகிறார்கள். முதல் வகையார் மந்தையிலுள்ள நல்ல கோழியை இழக்க நேரிடுகிறது. இரண்டாம் வகையார் அடுத்த ஈற்றின் முட்டைகளை இழக்கிறார்கள். இறகு உதிர்தல் எதனால் உண்டாகிறது, எவ்வளவு காலம் நீடிக்கும், அப்போது கோழிக்கு வேண்டுவது யாது என்பவற்றை அறிந்துகொண்டால் இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

இறகின் தன்மை

கோழியின் இறகு, மனிதனுடைய நகமும் மயிரும் போன்று, முளைத்து முற்றியபின் உயிரற்ற பொருளாகும். அது கிழிந்தாலும் தேய்ந்தாலும் தானே சீர்ப்பட மாட்டாது. ஓராண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் அடிபட்டு, முள்ளிலும் வேலியிலும் உராய்ந்து, புழுதியில் புரண்டு தேய்ந்த இறகுகள், குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் சக்தியை இழந்துவிடுகின்றன. ஆகையால் பழையதைக் கழித்துப் புதியதை வளர்த்துக்கொள்வது பறவையினம் அனைத்திற்கும் இன்றியமையாதது.

இறகில் பத்தில் ஒன்பது பங்கிற்குச் சற்றேறக்குறைய புரோடீன் என்னும் தசைப் போஷணைச் சத்தே அடங்கியிருக்கிறது. அந்தப் புரோடீனிலும் கந்தகம் கலந்த பகுதிகள் அதிகம். இறகை நெருப்பிலிட்டால் எழும் கடுநாற்றம் பெரும்பாலும் இந்தக் கந்தகத்தினாலேயே உண்டாகிறது. இப்பொருள்களையெல்லாம் கோழி தன் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். தீனியில் அவை போதாவிடில், தன் தசையைக் கரைத்தாவது இறகை வளர்க்க முயலும். அவ்வாறு மெலிந்த கோழி மழைக்கும் வியாதிக்கும் எளிதில் இரையாகிறது. ஒரே சமயத்தில் முட்டைக்கும் இறகுக்கும் வேண்டிய சத்தை அளிப்பது கோழியின் உடலுக்குப் பெரும் பாரமாகையால், இறகு வளரும் வரையில் முட்டைப்பை சுருங்கி ஓய்வு பெறுகிறது. இந்த ஓய்வும் வீணன்று. ஓய்வுக்குப்பின் இடப்படும் முட்டைகள் பெரும்பாலும் பருமனாகவும் ஓடு கெட்டியாகவும் இருக்கும்.

காரணங்கள்

பகற்பொழுதின் நீளம் குறைவதே இறகு உதிர்தலைத் தூண்டும் முக்கிய காரணமாகும். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டின் வழியே மூளைக்கு எட்டும் ஒளியாலும் பகலின் அளவை உணர்கிறது. பகல் வளரும்போது முட்டைப்பை தூண்டப்படுகிறது. பகல் குறையும்போது அத்தூண்டுதல் தளர்ந்து, இறகு மாறுவதற்கான சுரப்புகள் மேலோங்குகின்றன.

குளிர் தேசங்களில் கோடைப்பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேரம் வித்தியாசமிருப்பதால், அங்குள்ள கோழிகள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இறகு உதிர்க்கின்றன. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் உத்தேசம் ஒன்றரை மணி நேரமே. கன்னியாகுமரியில் அது சுமார் ஒரு மணி நேரமாகும். ஆகையால் தமிழ்நாட்டில் இறகு உதிர்தல் ஒரே மாதத்தில் அடங்குவதில்லை. பகல் குறையத் தொடங்கும் ஆடி மாதத்திற்குப்பின் சில கோழிகளும், ஐப்பசி, கார்த்திகையில் சில கோழிகளும், அடைகாத்துக் குஞ்சு வளர்த்து முடித்த சமயத்தில் சில கோழிகளுமாக முன்பின்னாக உதிர்க்கும்.

பகலைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டு, 21 நாள் அடையிருக்கிறது. அந்நாட்களில் அது மிகக் குறைவாகவே தின்று உடல் இளைக்கிறது. பின்னர் குஞ்சுகளுடன் திரியும்போது இறகு உதிர்வது சாதாரணமாகக் காணப்படுவதே. கடுங்கோடையில் ஒருநாள் தண்ணீர் இல்லாமற் போவது, தீனி திடீரென்று குறைவது, இடம் மாறுவது, நாயோ கீரியோ புகுந்து கலவரப்படுத்துவது, நோயுற்றுத் தேறுவது ஆகியவற்றாலும் பருவமல்லாத காலத்தில் இறகு உதிரும். இவ்வாறு நேரிட்டால் இறகைப் பற்றிக் கவலைப்படுமுன் அக்காரணத்தைக் கண்டு நீக்குதல் வேண்டும்.

குஞ்சுகள் வளரும்போதும் இறகு மாறுகிறது. பிறந்தபோதுள்ள பஞ்சு போன்ற மயிர் உதிர்ந்து முதல் இறகுகள் முளைப்பதும், அவையும் படிப்படியாக மாறி ஐந்தாம் மாத வாக்கில் முழு உடை வருவதும் வளர்ச்சியின் அங்கம். இதனை வியாதியென்று எண்ணவேண்டியதில்லை. முட்டையிடத் தொடங்கிய பெட்டை முதன்முறை முழுவதுமாக இறகு மாற்றுவது பெரும்பாலும் ஒன்றேகால் வயதிற்கும் ஒன்றரை வயதிற்கும் இடையில் நிகழும்.

உதிரும் வரிசை

உதிர்தல் தலையில் தொடங்குகிறது. பிறகு கழுத்து, மார்பு, முதுகு, உடல், சிறகு, வால் என்னும் வரிசையில் நடைபெறும். பழைய இறகைப் புதிய குருத்து அடியிலிருந்து தள்ளுவதால், உதிர்ந்த இடத்தில் சில நாட்களுக்குள் ஊசிமுனை போன்ற குருத்திறகுகள் தோன்றும். அவை மெல்லிய உறையினால் மூடப்பட்டு, உள்ளே இரத்தம் ஓட்டமாயிருக்கும். இறகு விரிந்து முற்றியபின் இரத்தம் வற்றி, உறை பொடியாக உதிர்ந்துபோகும். ஒரு கோழி இறகு மாற்றி முடிக்க சாதாரணமாக 2 முதல் 3 மாதங்களும், மந்தமாக உதிர்ப்பவற்றிற்கு 4 முதல் 6 மாதங்களும் செல்லும்.

சேவலும் இறகு மாற்றும். அக்காலத்தில் அதன் வீரியம் குறைவதால், இடப்படும் முட்டைகளிற் பல கருக்கொள்ளாமற் போகலாம். அடைவைக்க முட்டை பொறுக்குகிறவர்கள், சேவல் முழு உடை பெற்றுக் கொண்டை சிவந்தபின் இடப்பட்ட முட்டைகளையே தெரிந்தெடுப்பது நலம்.

சிறகைப் பார்த்துக் கோழியை மதிப்பிடுதல்

இறகு உதிரும் விதத்தைக் கொண்டு எந்தக் கோழி நன்றாய் முட்டையிடும், எது இடாது என்பதை ஓரளவு நிச்சயமாகக் கூறலாம். விற்கவேண்டிய கோழியையும் வைத்துக்கொள்ளவேண்டிய கோழியையும் பிரிக்க இம்முறை பெரிதும் உதவும்.

கோழியின் சிறகை விரித்துப் பார்த்தால், முனைப்புறத்தில் 10 பெரிய இறகுகளும், உடலை அடுத்த பக்கத்தில் மற்றொரு தொகுதி இறகுகளும், இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு குட்டை இறகும் இருக்கக் காணலாம். முனைப்புறத்து இறகுகள், குட்டை இறகுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி வரிசையாக உதிரும். உதிர்ந்த ஓர் இறகு மறுபடியும் முழு நீளம் வளர சுமார் 6 வாரம் பிடிக்கும். அதில் முதல் 3 வாரங்களிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்துவிடும்.

மந்தமாக உதிர்க்கும் கோழி ஒவ்வோர் இறகாக, சுமார் 2 வாரத்திற்கொன்று வீதம் உதிர்க்கும். விரைவாக உதிர்ப்பது இரண்டு, மூன்று, நான்கு இறகுகளை ஒருமிக்கக் கழிக்கும். உதாரணமாக, ஒரு கோழியின் சிறகில் முதல் புதிய இறகு முழு நீளமும், இரண்டாவது சற்றுக் குறைவாகவும், மூன்றாவது பாதியளவும், நான்காவது குருத்தாகவும் இருந்தால், அது 6 வாரத்திற்கு முன் தொடங்கி ஒவ்வொன்றாக உதிர்த்து வருகிறதென்று அறியலாம். மற்றொரு கோழியில் நான்கு புதிய இறகுகளும் ஒரே அளவாக மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருந்தால், அது 3 வாரத்திற்கு முன்புதான் தொடங்கி நான்கையும் ஒன்றாகக் கழித்தது என்பது தெளிவு. முதற்கோழி 10 இறகுகளையும் மாற்றி முடிக்க ஏறக்குறைய 24 வாரமாகும். இரண்டாவது அதில் பாதிக் காலத்தில் முடித்து மறுபடியும் முட்டைக்கு வந்துவிடும்.

ஆடி, ஆவணியிலேயே முட்டையை நிறுத்தி, ஒவ்வோர் இறகாக உதிர்த்துக்கொண்டு, எப்போதும் ஒருவாறு அழகாகவே தோன்றும் கோழி பெரும்பாலும் குறைவாக முட்டையிடுவதாகும். பிந்தி ஐப்பசி, கார்த்திகை வரையில் முட்டையிட்டுத் தேய்ந்த இறகுடன் இருந்து, திடீரென்று உடல் முழுவதும் மொட்டையாகும் கோழியே நல்ல முட்டைக்கோழியாகும். சந்தையில் அழகில்லாத கோழியை முதலில் விற்பது வழக்கமாகையால், குடியானவர்கள் அறியாமலே நல்லதைக் கழித்து மட்டமானதை வைத்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகள் இவ்வாறு நடந்தால் மந்தையின் தரமே தாழ்ந்துவிடும்.

இம்மதிப்பீட்டில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். அடைகாத்ததாலோ, நோயாலோ, தீனிக் குறைவாலோ முந்தி உதிர்த்த கோழியை இக்கணக்கில் சேர்க்கலாகாது. ஒரே சமயத்தில் பொரித்து, ஒரே விதமாக வளர்த்த கோழிகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுதல் வேண்டும். பறந்து போகாமலிருக்கச் சிறகு கத்தரிக்கப்பட்ட கோழிக்கும் இறகு மாறும்போது புதிய முழு இறகு வருமாகையால், அதன் பிறகு அது மறுபடியும் வேலியைத் தாண்டும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

வியாதியினின்றும் பிரித்தறிதல்

இறகு குறைந்த கோழியெல்லாம் இறகு மாற்றுகிற கோழி என்று கொள்ளலாகாது. கீழ்க்கண்ட அடையாளங்களைக் கொண்டு காரணத்தை அறியலாம்.

1. இயற்கையான உதிர்தலில், மொட்டையான இடமெங்கும் குருத்திறகுகள் தென்படும். கோழி சற்றுச் சோர்ந்திருந்தாலும் தீனி தின்னும். எச்சம் எப்போதும்போல் இருக்கும்.

2. முதுகும் பிடரியும் மட்டும் மொட்டையாகி மற்ற இடங்களில் இறகு முழுதாயிருந்தால், சேவல் மிதிப்பதால் உண்டான தேய்மானமாயிருக்கும். பெட்டைகளுக்கு அதிகமாகச் சேவல்கள் இருப்பின் அவற்றைக் குறைக்கவேண்டும்.

3. எச்சத் துவாரத்தைச் சுற்றிலும், சிறகின் அடியிலும் இறகை விலக்கிப் பார்க்கும்போது, ஓடுகிற பேன்களும் இறகின் அடியில் கொத்தாக ஒட்டிய ஈர்களும் காணப்பட்டால் பேன் தொல்லையாகும். பகலில் கோழியின்மேல் ஒன்றும் காணப்படாமல், இரவில் அது அமைதியின்றித் தவித்தால், அடைக்கும் கூண்டின் இடுக்குகளிலும் கட்டைகளின் வெடிப்புகளிலும் சிவப்புச் செள் ஒளிந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இச்செள் இரவில் வெளிவந்து இரத்தத்தை உறிஞ்சி, விடியுமுன் மறைந்துவிடும்.

4. வால் அடியிலோ முதுகிலோ இறகு பிடுங்கப்பட்டுக் காயமும் இரத்தமும் காணப்பட்டால், மற்றக் கோழிகள் கொத்தியதாகும். இடநெருக்கடியும் தீனியில் புரோடீன் குறைவும் இதற்கு முக்கிய காரணங்கள்.

5. கோழி உறங்கி விழுந்து, வெண்மையாகவோ பச்சையாகவோ கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்துத் திருகி, சிறகும் காலும் தளர்ந்தால், அது வெள்ளைக்கழிச்சல் என்னும் கொடிய தொத்து வியாதியாயிருக்கலாம். அத்தகைய கோழியை உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிகேத் நோய் என்றும் பெயர். 1920-களின் கடைசியில் குமாயூன் மலைப்பிரதேசத்து ராணிகேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. 1940-களில் முக்தேஸ்வரத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டது. நோய் கண்டபின் குணப்படுத்த மருந்தில்லையாகையால், முன்கூட்டியே தடுப்பூசி போடுதலே வழி. இறகு உதிர்ந்து மெலிந்துள்ள கோழிக்கு நோயைத் தாங்கும் சக்தி குறைவு. உடல் நன்றாயுள்ளபோதே, அதாவது உதிர்காலத்திற்கு முன்பே ஊசி போட்டுவைத்தல் உத்தமம்.

தீனி

இறகு மாற்றும் கோழிக்கு மருந்தென்று தனியாக எதுவும் தேவையில்லை. தீனியே அதற்கு மருந்து. சாதாரண காலத்தில் மேய்ச்சலோடு ஒரு பிடி தானியம் போதுமானதாயிருக்கலாம். இறகு வளரும்போது அது போதாது. கம்பு, சோளம், அரிசிக் குருணை ஆகிய தானியங்களில் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு வரையே புரோடீன் உண்டு; இறகு வளர்க்கும் கோழிக்கு நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு வரை வேண்டியிருக்கிறது. கடலைப் பிண்ணாக்கில் 40 பங்கிற்கு மேல் புரோடீன் இருப்பினும், கந்தகம் கலந்த பகுதி அதில் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கிலும் மீனிலும் அப்பகுதி அதிகமாயிருப்பதால், இவற்றைக் கடலைப் பிண்ணாக்குடன் கலந்து கொடுப்பதே முறை.

கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கீழ்க்கண்டவாறு 100 கிலோ கலப்புத் தீனி தயாரிக்கலாம்:

உடைத்த கம்பு அல்லது சோளம் — 40 கிலோ
அரிசிக் குருணை — 10 கிலோ
அரிசித் தவிடு — 21 கிலோ
கடலைப் பிண்ணாக்கு — 12 கிலோ
எள்ளுப் பிண்ணாக்கு — 5 கிலோ
உப்பிடாது உலர்த்திய மீன் தூள் — 10 கிலோ
கால்நடைகளுக்கான தாது உப்புக் கலவை — 2 கிலோ

இக்கலவையில் நூற்றுக்குச் சுமார் 19 பங்கு புரோடீன் அடங்கியிருக்கும். மேய்ந்து திரியும் கோழிக்கு நாளொன்றுக்கு 40 கிராம் வீதம், காலையிலும் மாலையிலுமாகப் பகிர்ந்து, இளநீரம் பட்டதாகப் பிசைந்து வைக்கலாம். இரண்டு மாதத்திற்குக் கோழி ஒன்றுக்கு 2 கிலோ 400 கிராமுக்கு மேல் செலவாகாது. பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு 24 கிலோ தீனி போதும். கோழி ஒரு மாதம் முந்தி முட்டைக்கு வந்தாலே, ஓர் ஈற்று முட்டைகளும் அவற்றிலிருந்து வரும் குஞ்சுகளும் இச்செலவை ஈடுசெய்துவிடும். பிசைந்த தீனியை மீதம் வைத்து மறுநாள் கொடுக்கலாகாது. புளித்த தீனி வயிற்றைக் கெடுக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, கடையில் விற்கும் உப்புக் கருவாட்டை மீன் தூளுக்குப் பதிலாக உபயோகிக்கலாகாது. அதிக உப்புக் கோழிக்கு விஷமாகும். இரண்டாவது, பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் தானியத்தையும் சிறிதளவும் சேர்க்கலாகாது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணமென்று பின்னர் நிரூபிக்கப்பட்டது. அப்பூஞ்சணத்தினின்று உண்டாகும் அப்ளாடாக்ஸின் என்னும் விஷம் ஈரலைக் கெடுப்பதாகும். காய்ச்சினாலும் வறுத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிண்ணாக்கு எளிதில் ஈரம் உறிஞ்சுமாதலால், அதனைத் தரையில் வையாமல் பலகைமேல் வைத்து, வேண்டிய அளவே வாங்கி, அவ்வப்போது வெயிலிற் காயவிடுதல் வேண்டும்.

மீன் கிடைக்காத உள்நாட்டுக் கிராமங்களில் கரையான் சிறந்த பிரதியாகும். ஒரு பழைய மண்பானையில் வைக்கோல், காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு ஆகியவற்றைத் திணித்து, சிறிது நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட்காலை அதில் கரையான் ஏறியிருக்கும். பானையை எடுத்துக் கோழிகளின்முன் தட்டிவிட்டால் அவை ஆவலுடன் பொறுக்கித் தின்னும். பூச்சிமருந்து தெளித்த நிலத்தில் மட்டும் இவ்வாறு செய்யலாகாது.

முருங்கை, அகத்திக் கீரைகளை நறுக்கிப் போடுவதும் நல்லதே. தொட்டியில் வளர்க்கப்படும் அசோலா என்னும் நீர்ப்பாசி, உலர்ந்த நிலையில் புரோடீன் மிகுந்ததெனினும், பச்சையாயிருக்கையில் அதில் பெரும்பங்கு நீரே. ஆகையால் அதனைக் கீரைபோல் துணைத்தீனியாகக் கொடுக்கலாமேயன்றி, பிண்ணாக்கையும் மீனையும் அதனால் முற்றிலும் ஈடுசெய்ய முடியாது. கிளிஞ்சற்பொடியைத் தீனியில் கலவாமல் தனிச்சட்டியில் வைத்தால், முட்டைக்குத் திரும்பும் கோழி தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும். சுத்தமான குடிநீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் அவசியம்.

இருப்பிடம்

இறகில்லாத கோழிக்கு மழையே பெரிய எதிரி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் உடல் மொட்டையான கோழியை மரக்கிளையிலும் திண்ணையோரத்திலும் இரவில் தங்கவிடுவது ஆபத்து. நனைந்து நடுங்கும் கோழி, தின்ற சத்தையெல்லாம் உடற்சூட்டைக் காக்கவே செலவிடுமாகையால் இறகு வளர்வது தாமதப்படும்.

கோழிகள் அடையும் இடம் தரையினின்று சற்று உயர்ந்து, மேலே ஒழுக்கின்றி, சாரல் அடிக்கும் பக்கம் சாக்கோ தென்னங்கீற்றோ கட்டப்பட்டு, மற்றப் பக்கம் காற்றோட்டமாயிருத்தல் வேண்டும். முற்றும் அடைத்துவிட்டால் எச்சத்தின் ஆவி சேர்ந்து கண்ணும் மூச்சும் கெடும். தரையில் நெல் உமியாவது கடலைத் தோலாவது பரப்பி, ஈரமானதை அவ்வப்போது அகற்றிப் புதியது இடவேண்டும். பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பவர்கள், இடநெருக்கடியில் கோழிகள் ஒன்றன் குருத்திறகை மற்றொன்று கொத்துமாகையால், ஒரு பஞ்சாரத்தில் அதிகக் கோழிகளை அடைக்கலாகாது.

கொட்டகையின் ஒரு மூலையில், நனையாத இடத்தில், மணலும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு சாண் ஆழத்திற்கு நிரப்பிவைத்தால், கோழிகள் அதில் புரண்டு தம் பேனைத் தாமே குறைத்துக்கொள்ளும். உலர்ந்த வேப்பிலைத் தூளையும் அதனுடன் சேர்ப்பது வழக்கம். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின்மேல் தூவுவதும், அதில் கோழியை முக்குவதும் எக்காலத்திலும் தகாது. இறகில்லாத தோலின் வழியே விஷம் விரைவில் உட்புகும். கோழி சாகாவிடினும் அதன் இறைச்சியும் முட்டையும் உண்பவருக்குத் தீங்கு தரும். செள்ளிருந்தால் கூண்டைக் காலி செய்து, இடுக்குகளைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு அடித்து உலர்த்தவேண்டும்.

கையாளும் முறை

குருத்திறகில் இரத்தம் ஓடுவதால், அது அழுந்தினாலும் ஒடிந்தாலும் கோழிக்கு மிகுந்த வலியுண்டாகும். ஆகையால் இக்காலத்தில் கோழியைச் சிறகைப் பிடித்துத் தூக்குவதும், காலைக் கட்டித் தலைகீழாகச் சந்தைக்கு எடுத்துச்செல்வதும் கூடாது. அவசியமாகப் பிடிக்கவேண்டியிருந்தால், இருட்டியபின் அடைந்திருக்கும்போது, இரு கைகளாலும் உடலை ஏந்தி எடுத்தல் நலம். குருத்து ஒடிந்து இரத்தம் வடிந்தால், சுத்தமான துணியால் சில நிமிஷங்கள் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றபின் கோழியைத் தனியே வைக்கவேண்டும். சிவந்த இடத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக் காயத்தைப் பெரிதாக்கிவிடும்.

விரைவில் புதிய இறகு வரட்டுமென்று எஞ்சிய பழைய இறகுகளைப் பிடுங்குவதும், அடை தெளிவதற்காகக் கோழியைத் தண்ணீரில் முக்குவதும், அதன் மூக்கில் இறகைச் செருகுவதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. இவை கோழிக்குத் துன்பம் தருவதன்றி, மெலிந்த உடலை இன்னும் மெலிவிக்கும். அடைபடுத்த கோழியை, அடியில் காற்றுப் புகும்படி கம்பியோ மூங்கிற் கழியோ அமைந்த கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனியும் நீரும் வைத்துச் சில நாட்கள் விட்டால் அடை தானே தெளியும்.

மந்தை முழுவதும் ஒருங்கே இறகு உதிர்த்து ஒருங்கே முட்டைக்கு வரவேண்டுமென்று, பல நாட்கள் தீனியையும் நீரையும் நிறுத்திப் பட்டினியிடும் முறையைப் பெரும் பண்ணைகளிற் சிலர் கையாண்டதுண்டு. வளர்ப்புப் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளிக்கத் தவறுதல் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். சிறு குடியானவர்கள் இதனைப் பின்பற்ற நினைப்பது தவறு. நாட்டுக்கோழிக்கு இதனால் யாதொரு லாபமுமில்லை.

குடற்புழு மருந்து கொடுப்பதாயிருந்தால், அதனை உதிர்காலத்திற்கு முன்பே கொடுத்து முடித்தல் நலம். சிலவகைப் புழுமருந்துகள் வளரும் இறகை வடுப்படுத்திக் கோணச்செய்வதாகப் புறாக்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. உதிரும் சமயத்தில் மருந்து அவசியமென்று தோன்றினால், கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது

நாட்டுக்கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உடைமையாகவும், அவசரச் செலவுக்கு அவர்கள் கைக்கு எட்டும் பொருளாகவும் இருந்துவருகிறது. நிலமில்லாத வீடுகளிலும் கோழியுண்டு. ஆகையால் கோழி வளர்ப்பைப் பற்றிய விவரங்கள் ஆண்கள் கூடும் இடங்களில் மட்டும் சொல்லப்பட்டால் உரியவர்களுக்குச் சென்றெட்டுவதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும்போது, சிறகை விரித்துக்காட்டி நல்ல கோழியைத் தெரிந்தெடுக்கும் முறையை நேரில் விளக்குவது மிகவும் பயனளிக்கும்.

மழைக்காலத்திற்கு முன் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாளைக் கால்நடை மருந்தகத்துடன் கலந்து நிச்சயித்து, ஊர் முழுவதும் ஒரே நாளில் போடச்செய்வது அதிகாரிகளின் முயற்சியால் எளிதில் கைகூடும். சில வீடுகள் விடுபட்டால் நோய் அங்கிருந்தே பரவும். ஓர் ஊரில் கோழிகளோ காக்கைகளோ கூட்டமாக மாண்டால் அதனை இறகு உதிர்வின் பலவீனமென்று எண்ணி அலக்ஷியம் செய்யலாகாது. பறவைக் காய்ச்சல் இந்தியாவில் 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்து நவாப்பூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் தோன்றியிருக்கிறது. மாண்ட பறவைகளை வெறுங்கையால் தொடாமலும், நீர்நிலையில் எறியாமலும், உடனே கால்நடைத் துறையினருக்கு அறிவிக்கவேண்டும்.

சுருக்கம்

இதுவரை கூறியவற்றுள் முக்கியமானவை வருமாறு. ஆடி மாதத்திற்குள் தடுப்பூசியும் புழுமருந்தும் முடித்துவைக்கவேண்டும். இறகு உதிரத் தொடங்கியதும் குருத்திறகு தென்படுகிறதா என்று பார்த்து, இயற்கையான உதிர்தலே என்பதை நிச்சயித்துக்கொள்ளவேண்டும். நாளொன்றுக்கு 40 கிராம் கலப்புத் தீனி இரண்டு மாதத்திற்குக் கொடுத்து, பூஞ்சணமும் உப்புக் கருவாடும் சேராமல் பார்க்கவேண்டும். மழையும் ஈரமும் படாத இடத்தில் அடைத்து, சாம்பற்குழி அமைக்கவேண்டும். சிறகைப் பார்த்து, முந்தி மந்தமாக உதிர்த்ததை விற்று, பிந்தி விரைவாக உதிர்த்ததை அடைமுட்டைக்கு நிறுத்தவேண்டும். கொண்டை மறுபடியும் பருத்துச் சிவந்து, இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டாகும்போது, கோழி முட்டைக்குத் திரும்பிவிட்டதென்று அறிந்து, அதற்கேற்ப முட்டைக் கூடையைத் தயாராக வைக்கலாம்.